விட்டுவைத்த வெண்மை



ஒரு சிறுவனிடம் தாளும் வண்ணமும் கொடுத்து, "ஒரு மரம் வரைந்து காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். நேராக இரண்டு கோடுகள் இழுப்பான். அவற்றின் மேல் மேகம்போல் ஒரு வட்டம் போடுவான். கோடுகளுக்கு இடையே காப்பிக்கொட்டை நிறத்தையும் வட்டத்துக்குள் பச்சையையும் நிரப்பிவிட்டு, "முடிந்தது" என்பான். அவனுடைய தந்தையைக் கேட்டாலும் அதே மரத்தைத்தான் வரைவார். பாட்டனாரைக் கேட்டாலும் அதுவே. மூன்று தலைமுறையினரும் ஒரே மரத்தை வரைகின்றனர். அம்மரமோ உலகில் எங்கும் முளைத்ததில்லை. வேம்பும் அப்படி இராது. புளியும் அப்படி இராது. பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மரம் என்னும் சொல்லைக் கற்றுக்கொண்ட நாளோடு மரத்தைப் பார்ப்பதை நாம் நிறுத்திவிட்டோம் போலும்!

இதை இங்கே எடுத்துரைக்கக் காரணம் உண்டு. அண்மையில் ஒரு தாய் மடல் எழுதியிருந்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனுக்கு நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளை வரைவதில் மிகுந்த ஆசை. ஞாயிறு பிற்பகலில் ஏரிக்கரையில் அமர்ந்து மரங்களை வரைவானாம். ஆனால் எத்தனை முறை முயன்றாலும் படம் சேறு கலங்கியதுபோல் ஆகிவிடுகிறதாம். தேர்வு நெருங்கும் வேளையில் இது என்ன வீண்வேலை என்று சினந்த தந்தை, ஒருநாள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். "மரம் வெளியே நிற்கிறது, அதைத் தாளில் எதற்கு வரைய வேண்டும்?" என்பது அவர் கேட்ட கேள்வி. அன்று முதல் பையன் தூரிகையைத் தொடுவதில்லை. தந்தையிடம் முகம்கொடுத்துப் பேசுவதுமில்லை. "என் மகன் செய்தது பிழையா?" என்று கேட்கிறார் அத்தாய்.

இம்மடலில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. படம் ஏன் சேறாகிறது என்பது ஒன்று. மரத்தை ஏன் வரைய வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை கண்டால் இரண்டாவதற்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஆகவே வண்ணப் பெட்டியிலிருந்தே தொடங்குவோம்.

நீர்வண்ணம் என்பது யாது? நுண்ணிதாக அரைத்த நிறப்பொடி, அதைத் தாளோடு பிணைக்கும் பிசின், இரண்டையும் கரைக்கும் நீர் ஆகிய மூன்றே. அந்தப் பிசினுக்கு அரேபியப் பிசின் என்று பெயர். சூடான் நாட்டிலும் அதையடுத்த வறண்ட நிலங்களிலும் வளரும் ஒருவகை வேலமரத்தின் பட்டையைக் கீறினால் வடிந்து உறைவது அது. நம் கண்மாய்களில் நிற்கும் கருவேலமரம் அதற்கு நெருங்கிய உறவு. கருவேலம் பிசினை நம் பாட்டிமார் நன்கு அறிவர். காம்போஜ் எனப்படும் பொன்மஞ்சள் நிறம், கம்போடியப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் பால். அந்நாட்டின் பெயரே நிறத்துக்கும் பெயராயிற்று. அம்மரம் நாம் மீன் குழம்பில் இடும் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. 'இந்திய மஞ்சள்' என்று பெயர் பெற்ற இன்னொரு நிறம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதைத் திரைலோக்கியநாத் முகர்ஜி என்பவர் 1883-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். பீகாரில் முங்கேர் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில், பசுக்களுக்கு மாவிலையைத் தீனியாகக் கொடுத்து, அவற்றின் சிறுநீரைக் காய்ச்சி அந்நிறத்தை எடுத்தார்களாம். அத்தீனியால் பசுக்கள் நலிந்தன என்றும் அவர் குறித்துள்ளார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழில் மறைந்தது. இன்று அப்பெயரில் விற்பது ஆலையில் செய்த வேறு பொருள். ஆக, மரத்தை வரைய நாம் திறக்கும் பெட்டிக்குள்ளேயே மரங்கள் குடியிருக்கின்றன!

இவ்வண்ணங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு மரத்தடிக்குச் செல்வது முற்காலத்தில் எளிதாக இருக்கவில்லை. ஆயினும் சென்றவர்கள் உண்டு. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், 1494-95-ஆம் ஆண்டுகளில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குச் சென்ற பயணத்தில், வழியிற்கண்ட மலைகளையும் ஊர்களையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். ஐரோப்பாவில் இயற்கைக் காட்சிக்காகவே வரையப்பட்ட முற்பட்ட நீர்வண்ணப் படங்களில் அவை அடங்கும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், இலண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் வண்ணத்தைச் சிறு வில்லைகளாக வார்க்கும் வழியைக் கண்டனர். அதற்காக 1781-ஆம் ஆண்டில் அங்குள்ள கலைச் சங்கம் அவர்களுக்குப் பரிசளித்தது. நனைந்த தூரிகையால் தொட்டவுடன் கரையும் வில்லை கைக்கு வந்தபின், ஓவியர்கள் அறையை விட்டு வயல்வெளிக்குப் புறப்பட்டனர். இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் வண்ணப் பெட்டி அவ்வழியில் வந்ததே.

அவ்வாறு புறப்பட்டவர்களில் தாமஸ் கிர்டின் என்னும் இளைஞர் குறிப்பிடத்தக்கவர். புகழ்பெற்ற டர்னர் பிறந்த அதே 1775-ஆம் ஆண்டில் பிறந்து, 1802-ஆம் ஆண்டில் தம் 27-ஆம் வயதிலேயே இறந்துபோனவர். அவர் 1800-ஆம் ஆண்டில் வரைந்த 'செல்சியில் வெள்ளை வீடு' என்னும் படம் இலண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ளது. தேம்ஸ் ஆற்றங்கரையில் அந்தி சாயும் நேரம். கரையும் வானும் நீரும் மங்கிவிட்டன. தொலைவில் ஒரு சிறு வீடு மட்டும் வெள்ளை வெளேரென்று ஒளிர்கிறது. அதன் நிழல் நீரில் ஒரு வெண்கீற்றாய் நீள்கிறது. படத்தைக் காண்போர் கண் வேறெங்கும் செல்வதில்லை. ஆனால் அந்த வீட்டுக்குக் கிர்டின் வெள்ளை வண்ணம் பூசவில்லை. சுற்றிலும் பூசிக்கொண்டே வந்து, வீடு இருக்க வேண்டிய இடத்தை விட்டுவைத்தார். நாம் காணும் வெண்மை, அவர் தொடாமல் விட்ட தாளின் வெண்மை.

நீர்வண்ணத்தின் சட்டம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் இருளின்மேல் ஒளியை வைக்கலாம்; கறுப்பின்மேல் வெள்ளையைத் தடவினால் அது வெள்ளையாகவே நிற்கும். நீர்வண்ணமோ கண்ணாடிபோல் ஊடுருவிக் காட்டும் இயல்புடையது. வெளிச்சம் வண்ணப் படலத்தின் வழியே உள்ளே சென்று, வெண்தாளில் பட்டுத் திரும்பி, மீண்டும் அப்படலத்தின் வழியே நம் கண்ணுக்கு வருகிறது. ஒளி தாளினுடையது, நிறம் மட்டுமே நம்முடையது. மூடிவிட்ட ஒளியைப் பிறகு முழுமையாக மீட்க இயலாது. ஈரத் தூரிகையால் ஓரளவு ஒற்றி எடுக்கலாம். பிரஷ்யன் நீலம் போன்ற சில நிறங்களோ தாளின் இழைக்குள் ஊறிப்போய் அதற்கும் இடங்கொடா.

இப்போது அந்தப் பையனுக்கு நேராகவே சில சொற்கள்.

தம்பி, உன் படம் சேறாவதற்குக் காரணங்கள் மூன்று. நான்கைந்து நிறங்களை ஒன்றாய்க் குழைக்கிறாய். ஒவ்வொரு நிறமும் ஒளியில் ஒரு பங்கை விழுங்க, எஞ்சுவது சேற்று நிறம். முதற்பூச்சு உலருமுன் அதன்மேல் மறுபூச்சு இடுகிறாய், இரண்டும் கலங்கிவிடுகின்றன. பிடிக்காத இடத்தைத் தூரிகையால் தேய்க்கிறாய். தாளின் மேற்பரப்பு பிசிறெழுந்து ஒளி மங்கிவிடுகிறது. இம்மூன்றையும் விட்டாலே பாதிப் படம் தேறிவிடும்.

தாள் கனமாக இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள் நனைந்தாலும் அதிகம் நெளியாது. அது கிடைக்காவிட்டால், கிடைத்த ஓவியத் தாளை நனைத்துப் பலகையின்மேல் பரப்பி, நான்கு விளிம்பையும் பசைத்தாளால் ஒட்டி உலரவிடு. முரசின் தோல்போல் இழுத்து நிற்கும். பெரிய தூரிகை ஒன்று, சிறியது ஒன்று போதும். நீருக்கு இரண்டு குவளைகள் வேண்டும்: ஒன்று தூரிகையைக் கழுவ, மற்றொன்று வண்ணம் கரைக்க. நிறங்களில் காம்போஜ் மஞ்சள், காவி மஞ்சளான எல்லோ ஓக்கர், செங்காவியான பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம், ஒரு சிவப்பு ஆகிய ஆறே போதும். பெட்டியிலுள்ள பச்சையையும் கறுப்பையும் சில மாதங்களுக்கு மறந்துவிடு.

ஏரிக்கரைக்குக் காலையிலே செல்வது நன்று. வெயில் சாய்வாக விழுவதால் மரத்தின் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாகத் தெளிவாகப் பிரிந்திருக்கும். சென்றவுடன் தூரிகையை எடுக்காதே. முதலில் பார். கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார். இலைகள் மறைந்துபோய், ஒளித்திரள், நிழல்திரள் என்று இரண்டு மூன்று பெரும் பகுதிகளே தென்படும். நீ வரைய வேண்டியவை அவையே. இலை இலையாக வரையத் தொடங்கியவர் எவரும் மரத்தை வரைந்து முடித்ததில்லை. அப்பகுதிகளின் எல்லையைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள். வெண்மையாக விட வேண்டிய இடங்களை அப்போதே முடிவு செய்துகொள்: மேகத்தின் விளிம்பு, நீரின் மினுமினுப்பு, கொக்கு நின்றால் அந்தக் கொக்கு.

தொலைவிலிருந்து அருகுக்கும், வெளிறியதிலிருந்து கருமைக்கும் வருவதே முறை. முதலில் வானம். அப்பகுதியை வெறும் நீரால் நனைத்து, அல்ட்ராமரைனை மேலே தொட்டு, கீழே வரவர நீர்த்துப்போகும்படி இறக்கு. ஈரத்தில் காணும் நிறம் உலர்ந்தபின் வெளிறிவிடும். ஆகவே சற்று அழுத்தமாகவே பூசு.

அடுத்தது தொலைவிலுள்ள குன்று. அக்குன்றின் மேலேறி நின்றால் மரங்களெல்லாம் பச்சை. ஏரிக்கரையிலிருந்து பார்த்தாலோ நீலம். இடையிலுள்ள காற்றே அதற்குக் காரணம் என்பதை லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். நுண்துகள்கள் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட மிகுதியாகச் சிதறச் செய்கின்றன என்று ஆங்கிலேய அறிஞர் ராலே 1871-ஆம் ஆண்டில் விளக்கினார். ஆகவே குன்றுக்கு வெளிறிய நீலமும் அதில் துளி சிவப்பும் போதும். அதன்முன் நிற்கும் பனைவரிசைக்குச் சாம்பல் கலந்த மங்கிய பச்சை.

பின்னர் அருகே நிற்கும் புளியமரம். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை பிறக்கும். அதில் துளி செங்காவி சேர்த்தால் அதன் கூச்சம் அடங்கி, மரத்தில் காணும் பச்சையாகிவிடும். காம்போஜோடு பிரஷ்யன் நீலம் சேர்ந்தால் வாழைக்குருத்தின் பச்சை. அல்ட்ராமரைன் சேர்ந்தால் முதிர்ந்த புளியிலையின் பச்சை. பங்குனியில் வேம்பு துளிர்க்கும்போது பார்த்திருக்கிறாயா? கொழுந்து பச்சையாக இராது. செம்பின் நிறமாக இருக்கும். பார்த்த பிறகே நிறம் குழைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மரத்தின் தலைப்பகுதி முழுவதற்கும் முதலில் இளமஞ்சட்பச்சையைப் பூசு. ஆனால் அடைத்துப் பூசாதே. நிஜமான மரத்தில் இலைத்திரள்களுக்கு இடையே வானம் தெரியும். பறவை ஒன்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேற வழி இருக்கும். அவ்விடங்களை விட்டுவிடு. தாள் சொரசொரப்பாக இருந்தால், நீர் குறைந்த தூரிகையைப் படுக்கவைத்து இழு. மேடுகளில் மட்டும் வண்ணம் பற்றி, பள்ளங்களில் வெண்மை தங்கி, இலைகள் வெயிலில் மினுக்குவதுபோல் தோன்றும். அது உலர்ந்தபின், நிழற்பக்கத்துக்கு அழுத்தமான பச்சையை இரண்டாவதாக இடு. வெயில் படும் பக்கத்தை மீண்டும் தொடாதே.

அடிமரத்துக்குக் காப்பிக்கொட்டை நிறம் வேண்டாம். புளியமரத்தின் பட்டை கருஞ்சாம்பல். தென்னையின் தண்டு வெளிர்சாம்பல். அல்ட்ராமரைனோடு செங்காவியைக் கலந்தால் இவ்விரண்டும் கிடைக்கும்; நீரின் அளவுதான் வேறுபாடு. கிளைகளை இலைகளின் மேல் ஒட்டவைத்ததுபோல் வரையாதே. விட்டுவைத்த இடைவெளிகளில் மட்டும் அவை தோன்றி மறையட்டும். கடைசியாக, தரையில் விழும் நிழல். அது கறுப்பன்று, வானத்தின் நீலம் கலந்த ஊதா. ஒரே இழுப்பில் இட்டுவிட்டுத் தூரிகையைக் கழுவி வைத்துவிடு.

இத்தனைக்கும் நடுவே கைக்கு வேலையே இல்லாத நேரம் ஒன்று உண்டு, அதுவே கடினமானது. ஒரு பூச்சு உலரும்வரை காத்திருக்க வேண்டும். புறங்கையைத் தாளின்மேல் மெல்ல வைத்துப் பார். குளிர்ச்சி தோன்றினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சித்திரை வெயிலில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். கார்த்திகை மழைக்காலத்தில் நெடுநேரம் ஆகும். பாதி உலர்ந்த பூச்சில் ஒரு துளி நீர் விழுந்தாலும், அது வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, பூக்கோசு விரிந்ததுபோல் ஒரு கறையை உண்டாக்கிவிடும். அவசரப்படுவோர்க்கு இவ்வண்ணம் கீழ்ப்படிவதில்லை. காத்திருக்கும் அந்த வேளையில் மரத்தைப் பார்த்துக்கொண்டிரு. முன்பு காணாத கிளை ஒன்று அப்போதுதான் கண்ணில் படும்.

இனி, தந்தையாரின் கேள்விக்கு வருவோம்.

ஐயா, மரம் வெளியே நிற்பது உண்மையே. ஆனால் நாம் அதைக் கண்டிருக்கிறோமா? முன்னர் சொன்ன லியொனார்டோ, மரங்களை வரைந்து வரைந்து ஒன்றைக் கண்டறிந்தார். ஒரு மரத்தின் எந்த உயரத்திலும் அங்குள்ள கிளைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால், அவற்றின் கனம் அடிமரத்தின் கனத்துக்குச் சமமாகும் என்று எழுதினார். அவர் மறைந்தது 1519-ஆம் ஆண்டில். அப்படி ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு, காற்று வீசும்போது கிளைகள் முறியாமல் தாங்குவதற்கே என்று பிரான்சு நாட்டு இயற்பியலாளர் கிறிஸ்டோஃப் எலுவா ஒரு விளக்கத்தை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டார். காரணத்தை ஆராயக் கணிதம் வேண்டியிருந்தது. ஆராய வேண்டிய பொருளைக் கண்டதோ வரைந்து பழகிய கண். உங்கள் மகன் மருத்துவனாகலாம், பொறியாளனாகலாம், நிலத்தை உழுபவனாகலாம். உள்ளதை உள்ளபடி பார்க்கும் கண் இவற்றுள் எந்தத் தொழிலுக்கு வேண்டாதது?

நம் மண்ணிலும் இவ்வண்ணத்தில் தொடங்கிச் சிறந்தவர்கள் உண்டு. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைப்பள்ளியே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே பயின்று, பின்னர் அதன் முதல்வராகவும் உயர்ந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்த அவர், 1966-ஆம் ஆண்டில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தவை, கேரளத்துத் தென்னந்தோப்புகளையும் நீர்நிலைகளையும் காட்டும் நீர்வண்ணப் படங்கள். பின்னாளில் அவருடைய ஓவியம் முற்றிலும் வேறு வழியில் சென்றது. ஆயினும் பார்க்கக் கற்ற கண் தென்னை மரத்தடியில் கற்றதே.

உங்கள் மகன் பணிக்கர் ஆவான் என்று வாக்களிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஆகமாட்டான், ஆகவேண்டிய கட்டாயமும் இல்லை. தேர்வு முக்கியம் என்று நீங்கள் கவலைப்படுவது நியாயமே. பொதுத்தேர்வில் பெறும் மதிப்பெண் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதை அறியாதார் இல்லை. ஆனால் வாரத்தின் ஏழு நாள்களையும் பாடத்தால் அடைத்துப் பூசிவிட்டால், அந்தப் படத்தில் வானம் எங்கே தெரியும்? ஞாயிறன்று ஒரு மணி நேரத்தை வெண்மையாக விட்டுவையுங்கள். கிழித்த தாளை ஒட்ட முயல வேண்டாம். புதிய தாள் ஒன்றை வாங்கி அவன் கையில் கொடுங்கள். ஒருநாள் அவனோடு ஏரிக்கரைக்குச் சென்று அருகே உட்காருங்கள். குறை சொல்லவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அவன் ஒரு மணி நேரம் அசையாமல் ஒரு பொருளையே நோக்கியிருப்பதைக் காண்பீர்கள். பாடப் புத்தகத்தின் முன்னும் அவன் அப்படி அமர வேண்டும் என்பதுதானே உங்கள் விருப்பம்?

தம்பி, உனக்கும் ஒரு சொல். தந்தையின் சினத்துக்குப் பின்னால் நிற்பது உன் எதிர்காலத்தைப் பற்றிய அச்சம். அவர் பேசட்டும் என்று காத்திராமல் நீயே முதலில் பேசு. ஒரு மணி நேரம் என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் எழுந்து வா. அம்மா, உங்கள் கேள்விக்கு விடை எளிது: உங்கள் மகன் செய்தது பிழையன்று.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. "மரம் வெளியே நிற்கிறது" என்றாரே அத்தந்தை, அது எத்தனை நாளைக்கு? நம் நெடுஞ்சாலைகளின் இருமருங்கும் நின்ற புளியமரங்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை தீட்டி, எண் எழுதி, ஆண்டுதோறும் புளியை ஏலம் விட்டுப் பேணிய மரங்கள் அவை. சாலைகள் அகலமானபோது அவற்றுள் பெருந்தொகையானவை வெட்டப்பட்டன. சாலை வேண்டாம் என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்நிழலில் அரை நூற்றாண்டு நடந்த ஒரு முதியவரிடம், "உங்கள் ஊர் எல்லையில் நின்ற புளியமரம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். "பெரிய மரம்" என்பார். அதற்குமேல் சொல் எழாது. முதற்கிளை எந்தத் திசையில் சாய்ந்தது? எந்தப் பக்கம் பொந்து இருந்தது? நாள்தோறும் கடந்து சென்றவருக்கும் அது நினைவில் இல்லை. சென்னையில் புளியந்தோப்பு என்றே ஒரு பகுதி இருக்கிறது. இன்று அங்கே இருப்பவை தெருக்களும் வீடுகளும். மரம் போனபின் பெயர் மட்டும் தங்குவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

பிரான்சு நாட்டு ஓவியர் பால் செசான் தம் முதுமையில் எக்ஸ் நகரைச் சுற்றியிருந்த மரங்களையும் மலையையும் நீர்வண்ணத்தில் திரும்பத் திரும்ப வரைந்தார். அவருடைய இறுதிக்காலத் தாள்கள் பலவற்றில் தொட்ட இடத்தைவிடத் தொடாத இடமே மிகுதி. ஒரு மரத்தையோ மலையையோ ஒருமுறை வரைந்தால் தீர்ந்துவிட்டது என்று அவர் எண்ணவில்லை. 1906-ஆம் ஆண்டில், வெளியே வரைந்துகொண்டிருக்கையில் மழையில் நனைந்து நோயுற்று, சில நாள்களில் இறக்கும்வரை, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனவே, அன்பர்களே, இம்மாதம் உங்கள் குடும்பத்துக்கு என ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையாகவோ, தெருமுனை வேம்பாகவோ, பேருந்து நிறுத்தத்துத் தூங்குமூஞ்சி மரமாகவோ இருக்கட்டும். பிள்ளைகளோடு பெரியவர்களும் அமருங்கள். நன்றாக வராவிட்டால் யாரும் நகைக்கப் போவதில்லை. உலர்ந்தபின் தாளின் பின்புறத்தில் மரத்தின் பெயரையும் அது நிற்கும் இடத்தையும் நாளையும் எழுதி வையுங்கள். மழைக்காலம் வந்து, இலைகள் தழைத்தபின், அதே இடத்தில் அமர்ந்து மீண்டும் ஒருமுறை வரையுங்கள். இரண்டு தாள்களும் ஒன்றுபோல் இரா.